கம்பூட்டுக்குள் காற்று

யானைக்கவுனியில் ஏதாவது ஒரு செருப்புக் கடையில் நுழைந்து, "குளிருக்குப் போடுற மாதிரி ரப்பர் பூட்ஸ் இருக்காண்ணே?" என்று கேட்டால், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்பார். நியாயமான கேள்விதான். மார்கழி விடியலில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற ஊர் இது. இங்கே கம்பூட் என்பது மழைத்தண்ணிக்கு, கான்கிரீட் போட, எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆசிட் தெறிக்கிற இடத்தில் நிற்க. கம்பளி வேண்டுமானால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பெரியமேட்டில், குளிர்காலத்துக்கென்று வந்து கடை விரிக்கும் திபெத்தியர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். ரப்பரையும் குளிரையும் சேர்த்து யோசிக்க வேண்டிய தேவை இங்கே யாருக்கும் வருவதில்லை என்றுதான் தோன்றும்.

நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் வருகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில், ஐஸ் உடைக்கும் மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் ஐஸ் பார் உள்ளே போகும். மறுபக்கம் பொடி ஐஸ் கொட்டும். அதை மண்வெட்டியால் அள்ளி, பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று போடுகிறவரின் பனியன் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கும். அவர் நிற்கிற இடத்திலோ உருகிய ஐஸும் கடல்நீரும் மீன் கழுவிய தண்ணியும் கலந்த கூழ். கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். ஐஸில் உப்புச் சேரச் சேர அது பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கும். எனவே ஐஸ் குவியலின் ஓரத்தில் தேங்கும் அந்த உப்புக் கூழ் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தண்ணியைவிடக் குளிர்ந்திருக்கலாம். சிலர் கம்பூட் போட்டிருப்பார்கள்; பலர் ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் நிற்பார்கள். ஒரே மனிதருக்குத் தலையில் சென்னை, காலில் சைபீரியா.

இவருக்கு என்ன பூட்ஸ் சரி என்று யோசிக்கத் தொடங்கினால், டொரோண்டோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும், சியாச்சினில் காவல் நிற்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய்க்கும் அதே கணக்குத்தான் என்று தெரியவரும். அளவுகள் மட்டும்தான் மாறும்.

முதலில் பாதம் எப்படிப்பட்ட உறுப்பு என்று பார்க்க வேண்டும். உடம்புக்குச் சூடு உண்டாக்கிக் கொடுப்பவை பெரும்பாலும் கல்லீரல், மூளை, இதயம் போன்ற உள்ளுறுப்புகளும், வேலை செய்யும் பெரிய தசைகளும். பாதத்தில் அப்படிப்பட்ட அடுப்பு எதுவும் கிடையாது. எலும்பு, தசைநாண், தோல் இவைதான் அதிகம்; பாதத்தை ஏற்றி இறக்கும் பெரிய தசைகள் கெண்டைக்காலிலேயே நின்றுவிடுகின்றன. பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறதென்றால், அந்தச் சூடு ரத்தத்தோடு மேலிருந்து இறங்கி வந்தது. விரல் நுனிகளிலும் உள்ளங்காலிலும் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குட்டிக் குறுக்குவழிகள் உண்டு. உடம்பில் சூடு மிஞ்சும்போது அவை திறந்து, ரத்தத்தைத் தோலுக்கடியில் தாராளமாக ஓடவிடும். குளிர் பட்டவுடன் நரம்புகள் அவற்றை இறுக்கி மூடிவிடும். மூளைக்கும் இதயத்துக்கும் சூட்டைச் சேமிக்க உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான்.

முழுக்கக் கைவிடுவதும் இல்லை. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930இல் வெளியிட்ட ஆய்வு இது: விரலை ஐஸ் தண்ணியில் வைத்தால் முதலில் வெளுத்துச் சில்லிடுகிறது, வலிக்கிறது. ஐந்து பத்து நிமிடம் போனதும், தண்ணியின் குளிர் கொஞ்சமும் குறையாதபோதே, விரல் தானாகச் சூடேறுகிறது. மூடிய குழாய்கள் திறந்துகொள்கின்றன. மறுபடி மூடுகின்றன, மறுபடி திறக்கின்றன. திசு செத்துப் போகாதிருக்க உடம்பு விட்டுவிட்டுப் போடும் படியளப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் மீன் அறுக்கும் தொழிலாளர்களின் கைகளை ஆராய்ந்து 1962இல் ஒரு கட்டுரை வந்தது. பல காலம் ஐஸ் மீனில் அளைந்த அந்தக் கைகளில் இந்தத் திறப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிகழ்ந்தது. காசிமேட்டில் மீன் பிரிக்கும் அம்மாக்களின் கைகளையும் யாராவது அப்படி அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

இதிலிருந்து பூட்ஸ் வாங்குகிறவருக்கு ஒரு செய்தி உண்டு. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால், உலகத்திலேயே விலை கூடிய பூட்ஸைப் போட்டாலும் கால் சூடாகாது. ரத்தம் வராத இடத்தில் பாதுகாக்க என்ன சூடு இருக்கும்? கால் சில்லென்றால் முதலில் ஸ்வெட்டரும் தொப்பியும் போட வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும். பீடி, சிகரெட்டின் நிகோடின் இதே ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளிருக்கு இதமாக ஒன்று பற்றவைப்பவரின் கால், அதனால் இன்னும் குளிர்கிறது.

இனி ரப்பர். அது ஒரு துளி சூட்டையும் உண்டாக்குவதில்லை. வருகிற சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதில்தான் அதற்குப் பங்கு. அந்த வேகத்தைப் பொருளின் வெப்பக் கடத்துதிறன் என்ற எண்ணால் சொல்வார்கள். அசையாத காற்றுக்கு அது சுமார் 0.025. கெட்டி ரப்பருக்கு ஏறக்குறைய 0.15. தண்ணிக்கு 0.6. ஐஸுக்கு 2.2. தண்ணி காற்றைவிட இருபத்து நாலு மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சுகிறது என்பதால், காலை உலர்வாக வைப்பதே பாதி வெற்றி. அதை ரப்பர் பிரமாதமாகச் செய்யும். ஆனால் கெட்டி ரப்பரே ஒரு காப்பு என்று நம்பினால் ஏமாற்றம்தான். காற்றோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு ஓட்டை அது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளங்காலின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோலின் சூடு 25 டிகிரி, கீழே ஐஸ் தரை 0 டிகிரி. நடுவில் 1 சென்டிமீட்டர் கெட்டி ரப்பர் மட்டும் இருந்தால், ஒவ்வொரு காலிலிருந்தும் 7.5 வாட் சூடு தரைக்குள் இறங்கும். அதே பூட்டுக்குள் வெறும் 5 மில்லிமீட்டர் நுரை அட்டை ஒன்றைச் செருகுங்கள். நுரையின் கடத்துதிறன் சுமார் 0.04. இழப்பு 2.6 வாட்டுக்கு இறங்கிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு. ரப்பரில் பாதி கனம்தான் அந்த அட்டை. தடுப்பதில் ரப்பரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. காரணம், அதன் பெரும்பகுதி சிறு சிறு அறைகளில் அடைபட்டு நகர முடியாமல் கிடக்கும் காற்று.

ரப்பருக்குள் காற்றை அடைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார்; அதுதான் பின்னால் எம்ஆர்எஃப் டயர் கம்பெனி ஆயிற்று. பலூனிலும் டயரிலும் ஒரே பெரிய காற்றறை. அந்த ஒன்றை லட்சக்கணக்கில் சின்னச் சின்னதாக உடைத்துவிட்டால் மைக்ரோசெல்லுலார் ரப்பர், செருப்புக் கடைக்காரர் வாயில் எம்சிஆர். ரப்பர் கலவையில் சூடானால் நைட்ரஜன் வாயுவை வெளிவிடும் ஒரு வேதிப்பொருளைக் கலந்து, அச்சில் அழுத்திச் சூடேற்றுவார்கள். வாயு வெளியேற வழியில்லாமல் ரப்பருக்குள்ளேயே குமிழ் குமிழாகத் தங்கும். அச்சைத் திறந்ததும் எண்ணெயில் விழுந்த பூரியைப் போலத் தகடு உப்பி எழும். வெட்டிய ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவுக் கண்கள் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. அதனால் தண்ணியில் ஊறப்போட்டாலும் கடற்பஞ்சைப் போலக் குடிக்காது. மேல்நாட்டில் விற்கும் நல்ல குளிர் பூட்ஸுகளின் உள்ளே இருக்கும் நியோப்ரீன் நுரையும், இப்போது இங்கேயும் கிடைக்கும் எடை குறைந்த ஈவிஏ பூட்ஸும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்தத் தகட்டுக்குத் தமிழ்நாட்டில் குளிரோடு சம்பந்தமில்லாத இன்னொரு வாழ்க்கை உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் காலில் ஏன் புண் ஆறுவதில்லை என்று கவனித்தார். நோய் சதையைத் தின்னவில்லை. உணர்ச்சி போன காலில் ஒரே இடம் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது, வலிக்காததால் அந்தக் கால் ஓய்வெடுப்பதும் இல்லை. அழுத்தத்தைப் பரப்பிவிட மெத்தென்ற செருப்பு வேண்டும் என்று வேலூரிலும் கரிகிரியிலும் எம்சிஆரில் செருப்புச் செய்தார்கள். 1960களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்தும் என்று அங்கே காட்டினார்.

ராயபுரத்துக்காரர்களுக்கு மீதிக் கதை தெரியும். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், 1954இல் ராயபுரத்தில் தம் மருத்துவமனையை நிறுவினார். அங்கிருந்தும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. உணர்ச்சி குறைந்த கால்கொண்ட 241 சர்க்கரை நோயாளிகளை வெவ்வேறு செருப்புகளோடு தொடர்ந்து கவனித்தார்கள். தங்கள் வழக்கமான செருப்போடே இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் புதுப் புண் வந்தது. எம்சிஆர் போட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் "எனக்கு எப்பவும் கால் சில்லுனு இருக்கு" என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கால் சில்லென்றே இருப்பதில்லை. குளிரை உணர்வது தோலிலுள்ள நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரதம். ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே போனால் அது விழித்துக்கொள்ளும். புதினாவின் மெந்தால் பட்டாலும் அதே புரதம் விழிக்கும். தைலம் தடவினால் சில்லென்று இருப்பது அதனால்தான், தோலின் சூடு குறைந்ததால் அல்ல. இந்தப் புரதத்தை அடையாளம் கண்ட வேலைக்கும் சேர்த்துத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரையால் நரம்பு கெடும்போது அது பொய்ச் செய்தி அனுப்பும்: கால் எரிகிறது, கால் குளிர்கிறது, கால் பஞ்சு மேல் இருக்கிறது. புறங்கையை வைத்துப் பாருங்கள். கால் வெதுவெதுப்பாக இருந்தும் குளிர்வதாகத் தோன்றினால், வேண்டியது பூட்ஸ் அல்ல, சர்க்கரைக்கும் பி12க்கும் ரத்தப் பரிசோதனை. கால் உண்மையாகவே குளிர்ந்து, வெளுத்தோ நீலம் பாரித்தோ, குறிப்பாக ஒரே கால் மட்டும் அப்படி இருந்தால் ரத்தக் குழாய் அடைப்பு இருக்கலாம். காலம் கடத்தக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும்கூடக் கை காலைச் சில்லிட வைக்கும். உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எதுவும் வேண்டவே வேண்டாம். சுடுவது தெரியாமல் வெந்துபோன கால்களை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

சரி, உண்மையான குளிர், உண்மையான பூட்ஸ். இங்கே ரப்பரின் ஒரு குணம் நம்மைக் கவிழ்க்கும். வெளித் தண்ணியை உள்ளே விடாத ரப்பர், உள் வியர்வையையும் வெளியே விடாது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உடம்பின் மற்ற இடங்களைவிட நெருக்கமாக இருக்கின்றன. காலுறையும் உள்துணியும் மெல்ல நனையும், அசையாக் காற்று இருந்த இடத்தில் தண்ணி உட்காரும், காப்புப் போய்விடும். 1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவின் சோசின் ஏரிப் பகுதியில், மைனஸ் முப்பதுக்கும் கீழே போன குளிரில், அமெரிக்கப் படையினருக்கு நேர்ந்தது இதுதான். அவர்கள் பூட்ஸின் கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தோல். மலையேறும்போது கால் வியர்த்தது. ஏறி நின்றதும் அந்த வியர்வை பூட்டுக்குள்ளேயே உறைந்தது. விரல்கள் போயின.

அதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு இன்றும் வியப்பு. வியர்வையை வெளியேற்ற வழி தேடுவதை விட்டுவிட்டார்கள். இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்து, காற்றுப் புகாமல் முழுக்க மூடிவிட்டார்கள். கால் தன் வியர்வையிலேயே நனைந்து கிடக்கும், ஆனால் கம்பளியை ஒரு சொட்டு ஈரமும் தொடாது; ஈரம் ஆவியாகி வெளியேறவும் வழியில்லாததால், ஆவியாதலில் போகும் சூடும் மிச்சம். வாத்துக்கால் மாதிரிப் பருத்த அந்தக் கறுப்பு பூட்ஸுக்குச் சிப்பாய்கள் மிக்கி மவுஸ் என்று பேர் வைத்தார்கள். கறுப்பு மைனஸ் 29 டிகிரி வரைக்கும், பின்னால் வந்த வெள்ளை மைனஸ் 54 வரைக்கும் என்று கணக்கு. விமானத்தில் உயரே போகும்போது அடைபட்ட காற்று உப்பி பூட்ஸ் வீங்கிவிடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு வால்வு வேறு. எங்காவது ஆணி குத்தினால் சைக்கிள் ட்யூபைப் போல ஒட்டுப் போட வேண்டும். நம் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் சரிசெய்யக் கூடிய ராணுவத் தளவாடம் வேறெதுவும் இருக்கிறதா, தெரியவில்லை.

இதன் ஏழை வடிவம் எல்லார் வீட்டிலும் செய்யலாம். முதலில் மெல்லிய காலுறை, அதன்மேல் பாலித்தீன் பை, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை, பிறகு பூட்ஸ். கால் பிசுபிசுக்கும், கம்பளி உலர்ந்தே இருக்கும். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறவருக்கு இது கைகொடுக்கும். இரவில் கழற்றி, காலைத் துடைத்து உலரவிடாவிட்டால் தோல் ஊறிப்போகும். ஊறிய பாதம் சும்மா விடாது: 1914-15 குளிர்காலத்தில் மேற்குப் போர்முனையில், நம் நாட்டுச் சிப்பாய்களும் நின்ற அதே பதுங்குகுழிகளில், பிரிட்டிஷ் படையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்கள் கெட்டன. அதற்கு உறைபனி தேவைப்படவில்லை. உறைநிலைக்குச் சற்று மேலான ஈரத்தில் நாள்கணக்காக நின்றதே போதுமாயிருந்தது. ஐஸ் தரையில் நிற்கும் காசிமேட்டுத் தொழிலாளி, பூட்டுக்குள் தண்ணி புகுந்ததும் கழற்றிக் கொட்டிவிட்டு உலர்ந்த காலுறை மாற்றுவது அவருடைய பூட்ஸின் விலையைவிட முக்கியம்.

அளவில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். குளிர் என்று இரண்டு காலுறை மாட்டி, வழக்கமான சைஸ் பூட்டுக்குள் காலைத் திணித்தால் இரண்டு நஷ்டம்: காலுறை நசுங்கி அதிலிருந்த காற்றுப் போகும், விரல்கள் அழுந்தி ரத்தமும் போகும். பூட்ஸ் வாங்கப் போகும்போதே போடப்போகும் கம்பளிக் காலுறையைக் கையில் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலம் நல்ல நேரம். உள்ளே ஐந்து விரலையும் தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். குதிகால் மட்டும் தூக்கி அடிக்கக் கூடாது. பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கும். உள்துணியைத் தனியே கழற்றி எடுக்க முடிகிற பூட்ஸ் என்றால் கேள்வியே இல்லை, அதையே எடுக்கலாம். இரவில் உருவிக் காயப்போடலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே கம்பூட் என்று கிடைப்பவற்றில் பல உண்மையில் பிவிசி. சென்னை மழைக்கு அது போதும், விலையும் குறைவு. ஆனால் பிவிசி பனியில் விறைத்துவிடும். மலிவானது மடிப்பில் விரியும், பிடிமானம் போய் வழுக்கும். இயற்கை ரப்பர் கண்ணாடி மாதிரி விறைக்க மைனஸ் 70 டிகிரி வரை போக வேண்டும். கனடாவுக்கு இங்கிருந்து பிவிசி பூட்ஸ் கட்டிக்கொண்டு போவது வீண் சுமை. அட்டையில் "மைனஸ் 40" என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நடந்துகொண்டிருப்பவருக்கா நின்றுகொண்டிருப்பவருக்கா என்று அதில் இருக்காது. குளிர்கிடங்கில் வேலை செய்கிறவர்கள் பாதுகாப்புக் காலணியில் சிஐ என்ற குறியைத் தேடலாம். மைனஸ் 17 டிகிரியில் அரை மணி வைத்தால் உள்ளே சூடு 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்ற சோதனையில் தேறியது என்பது அதன் பொருள். மைனஸ் 18இல் மீன் வைக்கும் கிடங்குக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சோதனை அது.

அப்படி எதுவும் கையில் இல்லை, சாதாரண கம்பூட்தான் இருக்கிறது என்றால், யானைக்கவுனியிலிருந்து தண்டவாளம் தாண்டி அதே பெரியமேட்டுக்குப் போங்கள். செருப்புச் செய்வதற்கான சாமான்கள் விற்கும் கடைகளில் எம்சிஆர் தகடு வெட்டித் தருவார்கள். ஒரு சைஸ் பெரிய பூட்ஸாக வாங்கிக்கொண்டு, காலடியைக் காகிதத்தில் வரைந்து கொடுத்து, 5 மில்லிமீட்டரில் இரண்டு ஜோடி வெட்டி வாங்குங்கள். ஒன்று காயும்போது ஒன்று. நாளாக ஆகக் குதிகாலுக்கும் பெருவிரலுக்கும் அடியில் குமிழ்கள் நசுங்கித் தகடு மெலியும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிரம்பி எழாவிட்டால் அடுத்த ஜோடியை வெட்டச் சொல்ல வேண்டியதுதான்.